தியானம் பண்ணினால் திருமணிமுத்தாறு சுத்தமாகுமா?

11 பிப்ரவரி 2024 – வாசகர் கேள்வி

நானும் சேலத்துக்காரன்தான். போன வாரம் 'ஈடுபாட்டு பௌத்தம்' என்று ஏதோ இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். புத்தர் வீட்டை விட்டுப் போனவர். ஆசையை விடு என்றவர். அந்த மதத்துக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்? கண்ணை மூடி உட்கார்ந்தால் திருமணிமுத்தாறு சுத்தமாகிவிடுமா? யோகாவைக் கொண்டுபோய்ப் புதுப் பெயர் வைத்து விற்ற மாதிரி இதுவும் வெள்ளைக்காரர் சரக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

12 பிப்ரவரி 2024

ஆகாது. அணைமேட்டுப் பாலத்தில் நின்று கண்ணை மூடினால் நாற்றம் இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது நல்ல தண்ணீர். ஊருக்குள் நுழைந்ததும் சாயப்பட்டறைக்காரர்கள் கைவரிசை.

ஆனால் ஈடுபாட்டு பௌத்தம், அதாவது தியானத்தோடு நிற்காமல் ஊர்த் துன்பத்திலும் இறங்கி வேலை செய்யும் பௌத்தம், வெள்ளைக்காரர் சரக்கு இல்லை. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் பிக்குகளுக்கு ஒரு சிக்கல் வந்தது. மடத்துக்குள் தியானத்தைத் தொடர்வதா, வெளியே போய் அடிபட்டவனைத் தூக்குவதா? இரண்டும் ஒரே வேலைதான் என்றார் திக் நாட் ஹான் என்ற பிக்கு. 1960களின் நடுவில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு தொண்டுப் பள்ளி தொடங்கினார். குண்டு விழுந்த கிராமங்களில் வீடு கட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள், பள்ளிக்கூடம் நடத்துவார்கள். கட்டிய ஊரில் மறுபடி குண்டு விழும். மறுபடி போவார்கள். சண்டை போட்ட இரண்டு தரப்புமே அவர்களைச் சந்தேகப்பட்டது. 1966ல் போரை நிறுத்தச் சொல்லிப் பேச அமெரிக்கா போனவர், சொந்த நாட்டு மண்ணை மறுபடி மிதிக்க 39 ஆண்டுகள் ஆயின. நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 2022 ஜனவரியில், சிறுவயதில் துறவு ஏற்ற அதே மடத்தில் இறந்தார்.

12 பிப்ரவரி, இரவு

நோபல் என்று எழுதியது தவறு. 1967ல் மார்ட்டின் லூதர் கிங் அவர் பெயரைப் பரிந்துரைத்தார். அந்த ஆண்டு அமைதிப் பரிசு யாருக்குமே தரப்படவில்லை. மனு கொடுத்ததையே ரோடு போட்டதாகச் செய்தி போடும் ஊரில் வளர்ந்த பழக்கம்.

14 பிப்ரவரி 2024

'ஈடுபாட்டு பௌத்தம்' என்ற சொல் பல்லில் ஒட்டுகிறது என்று இரண்டு பேர். எனக்கும்தான். 'களப் பௌத்தம்' என்று ஒருவர் சொன்னது பரவாயில்லை. இனி வாய்க்கு வந்ததைப் போடுகிறேன்.

18 பிப்ரவரி 2024

"புத்தர் வீட்டை விட்டுப் போனவர்" என்ற வரிக்கு வருகிறேன். ஏன் போனார்? பள்ளிக்கூடத்தில் படித்தது நமக்குத் தெரியும்: கிழவர், நோயாளி, பிணம், துறவி என்று நால்வரைப் பார்த்தார், ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்.

அம்பேத்கர் இதை ஒப்பவில்லை. இருபத்தொன்பது வயது வரை ஒருவன் கிழவனையும் பிணத்தையும் பார்க்காமலா இருந்திருப்பான் என்று கேட்டார். 1956 அக்டோபர் 14ல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6ல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் சொல்லும் காரணம் வேறு. அது தண்ணீர்த் தகராறு.

புத்தர் பிறந்த குலமான சாக்கியர்களுக்கும் பக்கத்துக் குலமான கோலியர்களுக்கும் எல்லையாக ஓடியது ரோகிணி ஆறு. யார் வயலுக்கு முதலில் மடை திருப்புவது என்று அடிக்கடி சண்டை. ஒரு தடவை அது முற்றிப்போய்ச் சாக்கியச் சங்கம் போர் என்று தீர்மானிக்கிறது. சித்தார்த்தன் எழுந்து வேண்டாம் என்கிறான். இரண்டு பக்கமும் ஆள் போட்டுப் பேசித் தீர்க்கலாம் என்கிறான். ஓட்டெடுப்பில் தோற்கிறான். படையில் சேர மாட்டேன் என்கிறான். அதற்குத் தண்டனை உண்டு, குடும்பத்தின் நிலத்தைப் பிடுங்குவார்கள். குடும்பத்தைத் தொடாதீர்கள், நானே போகிறேன் என்று கிளம்புகிறான்.

மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்குமா திறக்காதா என்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்த மாவட்டத்துக்காரனுக்கு இந்தக் கதை வேற்றூர்க் கதையாகவே தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது பேருந்தில் இருந்தேன், இறங்கும் இடத்தை விட்டுவிட்டேன்.

பழைய பௌத்தக் கதைகளிலும் ரோகிணிச் சண்டை வருகிறது. அங்கே அவர் புத்தரான பிறகு நடக்கிறது. இரு படைகளுக்கும் நடுவே வந்து நின்று, தண்ணீரின் விலை அதிகமா, மனிதர்களின் விலை அதிகமா என்று கேட்டாராம். எது முந்தியது என்ற சண்டை எனக்கு வேண்டாம். ஆற்றங்கரைத் தகராறுக்கும் இந்த மதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

19 பிப்ரவரி 2024

மறந்துவிட்டேன். பிக்குகளுக்கான விதிகளில் ஒன்று: தண்ணீரில் மலஜலம் கழிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. பச்சைப் புல்லின் மேலும் கூடாது. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கவேண்டும் என்ற விதி வந்ததும் ஜனங்கள் போட்ட சத்தத்தால்தான்: இந்தச் சாமியார்கள் முளைவிடும் பயிரையும் பூச்சி புழுவையும் மிதித்துக்கொண்டே ஊர் சுற்றுகிறார்களே என்று. அதாவது புகார் கொடுத்தது பொதுமக்கள், உடனே நடவடிக்கை எடுத்தது நிர்வாகம். இதை நம் மாநகராட்சிக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

25 பிப்ரவரி 2024

"சேலத்தில் பௌத்தமே இல்லையே" என்றார் ஒருவர். இருக்கிறது, நாம்தான் வேறு பெயர் சொல்லிக் கும்பிட்டோம்.

கோட்டை ரோட்டுப் பக்கம், பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். என் சின்ன வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்குவார், நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுவார். முனியப்பன் என்றால் முறுக்கு மீசையும் உருட்டுக் கண்ணும் கையில் அரிவாளும் இருக்கவேண்டும். ஆத்தோரம் காட்டோரம் நாம் பார்த்ததெல்லாம் அப்படித்தான். இந்த முனியப்பன் மட்டும் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார், கை மடியில் இருந்தது. "ஏன்மா இந்த சாமி சும்மா உக்காந்திருக்கு?" என்று கேட்டேனாம். "தலைய வெட்டிட்டாங்க கண்ணு, அதான்" என்றாராம்.

இது முனியப்பன் இல்லை, புத்தர் என்று 2011ல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. தாமரைப் பீடம், அரைப் பத்மாசனம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது, நெற்றிப் பொட்டு; துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். புத்தர்தான் என்றது அறிக்கை. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்த இடம் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வரவேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

நியாயமான தீர்ப்பு. அன்று கைதட்டினேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனி அங்க சூடம் காட்டக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

26 பிப்ரவரி 2024

நேற்று எழுதியது கொஞ்சம் கண்ணீர்ப் படம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நண்பர் சரியாகவே பிடித்தார்: "உங்கள் அம்மாவுக்கு ஒரு முனியப்பன் போனால் இன்னும் பத்து முனியப்பன் இருக்கிறார்கள். எங்களுக்கு இருந்த ஒரே ஆளின் தலையை வெட்டி, வேறு பெயர் வைத்து, எங்களையே வெளியே நிற்கவைத்த வரலாறு தெரியுமா?" தெரியும். அயோத்திதாசர் வாழ்நாள் முழுக்க எழுதியது அதைத்தான். இந்த நாட்டின் பூர்வ பௌத்தர்களைத்தான் தாழ்த்தி வைத்துவிட்டார்கள் என்று வாதாடினார். சித்த மருத்துவர். 1898ல் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை. படிப்பு, நிலம், சாதி இழிவு என்று எதையும் விடாமல் பௌத்தத்தின் பெயரால் பேசினார்.

அதனால் 12ஆம் தேதி எழுதியதில் இன்னொரு திருத்தம். சொல் வேண்டுமானால் 1960களின் வியட்நாமில் பிறந்திருக்கட்டும். வேலையை ராயப்பேட்டையில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள்.

ஏன், அதற்கும் முன்னால் மணிமேகலை. அமுதசுரபியை வைத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போட்டவள், சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றித் தா என்று அரசனிடம் கேட்டவள். அறம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்தக் காப்பியம் சொல்லும் பதில் உண்டியும் உடையும் உறையுளும். சோறு, துணி, வீடு. தியானம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

3 மார்ச் 2024

இது வரும் என்று தெரியும். "ஈழத்தில் பிக்குகள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துமா பௌத்தம் பேசுகிறீர்கள்?"

தெரிந்துதான். 1959ல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவரே ஒரு பிக்கு. காவி கட்டியவர்கள் இனவாத மேடையில் நின்றார்கள். பர்மாவில் ரோகிங்கியாக்களுக்கு எதிராகப் பேசிய பிக்குகளைப் பார்த்தோம். அதுவும் சமூகத்தில் இறங்கிய பௌத்தம்தானே என்று யாராவது மடக்கினால் எனக்குப் பதில் கஷ்டம். இறங்குவது மட்டும் போதாது, எந்தப் பக்கம் இறங்குகிறாய் என்பதும் இருக்கிறது. திக் நாட் ஹான் 1966ல் தொடங்கிய சங்கத்தின் முதல் விதியே, எந்தக் கொள்கைக்கும் அடிமையாகாதே, பௌத்தக் கொள்கையாக இருந்தாலும் சரி என்பதுதான். போர் நடுவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் சூடாகப் பேசுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் சூடு நியாயமானது.

17 ஏப்ரல் 2024

இலங்கையில் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய ஆரியரத்ன நேற்று கொழும்பில் இறந்துவிட்டார். 92 வயது. மார்ச்சில் எழுதியபோதே இவரைச் சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டேன்.

பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1958ல் கொழும்புப் பள்ளிக்கூடப் பையன்களை, ஊரே ஒதுக்கிவைத்திருந்த ஒரு குக்கிராமத்துக்குக் கூட்டிப்போய்க் கிணறு வெட்டவும் பாதை போடவும் வைத்தார். சிரமதானம் என்று பெயர். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. சர்வோதயம் என்ற சொல்லைக் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டு பௌத்தத்தை உள்ளே வைத்தார். பிறகு அது ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது. 1983 கலவரத்தின்போது அடிபட்ட தமிழர்களுக்கு முகாம் நடத்தி உதவியவர்களில் அந்த இயக்கமும் உண்டு. இதனால் மற்றது எல்லாம் கழிந்துபோகும் என்று சொல்லவில்லை. இதுவும் நடந்தது என்று குறித்து வைக்கிறேன்.

5 மே 2024

ஏற்காடு போய் வந்தேன். மூன்று நாள் 'மன அமைதி முகாம்'. நண்பன் பணம் கட்டிவிட்டு வரமுடியாமல் போனதால் அந்த இடத்துக்கு நான். எங்கே, யார் நடத்தியது என்று கேட்காதீர்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் வாசலிலேயே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். மூன்று நாளும் மேசையில் பாட்டில் தீரத் தீர வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. "மரத்தோடு மரமாக உங்களை உணருங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். நல்ல குரல். குறை சொல்ல முடியாது. முதல் நாள் மாலை எனக்கே உள்ளே ஏதோ அடங்கியது.

இரண்டாம் நாள் காலை மௌன நடை. சமையல்கட்டுக்குப் பின்னால் போன பாதையில் நான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன். ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய நுரைத் தண்ணீர், சோற்றுப் பருக்கையோடு, நேராகக் கீழே ஓடைக்கு. அந்தக் கல்லில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. தொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மௌன விரதம் என்பதால் யாரிடமும் சொல்ல முடியாது! மறுநாள் விரதம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் சொன்னேன். "அதைக் கவனித்தீர்கள் அல்லவா, அந்தக் கவனம்தான் முக்கியம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது.

கீழே இறங்கும் முன் பகோடா பாயின்ட்டுக்குப் போனோம். கல்லை அடுக்கிய குவியல் பகோடா மாதிரி இருக்கிறது என்று வைத்த பெயர். புத்தர் கிடையாது, பகோடா உண்டு. மிளகாய் பஜ்ஜியும் நன்றாகவே இருந்தது. பொட்டலம் கட்டித் தந்த தாளைப் போட ஒரு தொட்டி தேடினேன், நிரம்பி வழிந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வருகிறதாம். அங்கே போக முடியாதவர்கள் எல்லாம் எங்கே வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

6 மே 2024

தவளையைப் படம் எடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் ஐயா.

9 ஜூன் 2024

மரத்துக்குக் காவி கட்டுவது பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

தாய்லாந்தில் 1988 நவம்பரில் தெற்கே பெரிய வெள்ளம். காடு வெட்டிய மலையிலிருந்து மண்ணும் மரக்கட்டையும் சேர்ந்து ஊருக்குள் இறங்கியது, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1989 ஜனவரியில் அரசு காட்டு மரம் வெட்டுவதையே நிறுத்தியது. ஆனால் திருட்டு வெட்டு நிற்குமா? அந்தச் சமயத்தில் வடக்கே சில பிக்குகள் ஒரு வேலை செய்தார்கள். காட்டில் இருப்பதிலேயே பெரிய மரத்தைப் பார்த்து, மந்திரம் ஓதி, துறவிக்குக் கட்டும் காவித் துணியைச் சுற்றி, அதைத் துறவியாக்கிவிட்டார்கள். துறவியை எவன் வெட்டுவான்?

நமக்கு இது புதிதா? மஞ்சள் துணி சுற்றிய வேப்பமரத்தில் கை வைக்க எந்த மரவியாபாரி துணிவான்? முனியப்பன் நிற்கும் புளியமரத்தை யார் தொட்டார்கள்? மலைமேல் இருக்கும் ஊர்களில் கோயில்காட்டிலிருந்து விறகு எடுக்கவே யோசிப்பார்கள். பிக்குகள் கண்டுபிடித்தது புதுச் சடங்கு இல்லை. ஏற்கெனவே இருந்த பயத்தை நல்ல காரியத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

10 ஜூன் 2024

இரண்டு திருத்தம்.

ஒன்று, மரம் உண்மையில் துறவியாகாது. விதிப்படி மனிதனுக்கு மட்டும்தான் துறவு. அந்தப் பிக்குகளுக்கும் அது தெரியும். அது ஓர் அடையாளம்தான், ஊரைக் கூட்டிக் காடு உங்களுடையது என்று சொல்ல ஒரு சாக்கு. இதற்காகவே சில மூத்த பிக்குகளிடம் திட்டும் வாங்கினார்கள்.

இரண்டு, மஞ்சள் துணி கட்டிய மரத்தை வெட்ட மாட்டார்கள் என்றது என் ஆசை. ரோடு அகலப்படுத்தும்போது ஒரு நல்ல நாள் பார்த்துச் சாமியைப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு மாற்றுகிறார்கள், மறுநாள் பொக்லைன் வருகிறது. சாமியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது, மரத்திடம் யார் கேட்பது?

2018ல் எட்டு வழிச் சாலைக்கு அளவுக்கல் நட்டபோது என் பெரியம்மா ஊரில் பார்த்தேன். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி என்றார்கள். தென்னந்தோப்பு நடுவில் ஒரு கல். பெரியம்மா ஒன்றும் கத்தவில்லை. அந்தக் கல்லின் மேல் சாணி தட்டிவிட்டு வந்தார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எந்தப் பிக்குவும் அந்தத் தோப்புக்கு வரவில்லை, நானும் ஒரு நாள் போய்விட்டு வந்துவிட்டேன்.

13 ஜூன் 2024

மேட்டூர் நேற்று திறக்கவில்லை. தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் இன்று.

7 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்து ஒரே வரி போட்டிருக்கிறார்: "எல்லாம் சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?"

இதை நான்கு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

பிப்ரவரியில் ஆற்றைக் கெடுப்பது சாயப்பட்டறைக்காரர்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டுத் தொழிலைச் சொல்லவில்லை. சேலம் குகைப் பகுதியில் எங்களுக்கு ஒரு கொலுசுப் பட்டறை. அப்பா, சித்தப்பா, கூட நான்கு பேர். வெள்ளி உருக்குவதும் கம்பி இழுப்பதும் வேறு இடம். எங்கள் வேலை பற்றவைத்து, வெளுத்து, மெருகு போட்டுக் கொடுப்பது.

தெரியாதவர்களுக்காக: பற்றவைத்த கொலுசு கரிப்பிடித்த கம்பி மாதிரி கறுப்பாக இருக்கும். அதைத் தண்ணீர் கலந்த கந்தகத் திராவகத்தில் போட்டுச் சூடு காட்டினால் வெளுக்கும். வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு மேல்பரப்பிலிருந்து கரைந்து வருவதால் திராவகம் நாளாக நாளாக நீலமாகும். நல்ல நீலம், மயில் கழுத்து மாதிரி. பிறகு பூந்திக்கொட்டை நுரையில் பித்தளை பிரஷால் தேய்ப்பார்கள். பளபளவென்று வரும். சின்ன வயதில் எனக்குப் பிடித்தது அந்த நுரைதான்.

பட்டறையில் வெள்ளி ஒரு பொட்டு வீணாகாது. தரையைக் கூட்டும் மண், கை கழுவும் தண்ணீரின் வண்டல், பழைய சாக்கு எல்லாவற்றையும் சேர்த்துவைத்து விற்போம், எரித்து வெள்ளி எடுப்பார்கள். வெளியே சாக்கடை மண்ணையும் விடமாட்டார்கள். விடியற்காலையில் வாரி அலச ஆட்கள் வருவார்கள். இவ்வளவு கணக்காக இருக்கிற இடத்தில் கணக்கே இல்லாமல் போவது அந்த நீலத் தண்ணீர் ஒன்றுதான். திராவகத்தின் வீரியம் மங்கிவிட்டால் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றுவோம். நானும் ஊற்றியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஆற்றைக் காப்போம் என்று அட்டை பிடித்து நின்றேன், அன்று சாயங்காலம் வாளி தூக்கினேன். இரண்டும் ஒரே கை என்று அப்போது தோன்றவே இல்லை.

திக் நாட் ஹான் ஒரு தாளைக் காட்டி, இதில் மேகம் தெரிகிறதா என்று கேட்பார். மேகம் இல்லாமல் மழை இல்லை, மழை இல்லாமல் மரம் இல்லை, மரம் இல்லாமல் தாள் இல்லை. அழகான பேச்சு, எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கணக்கில் கொலுசைப் பார்த்தால் என்ன தெரியும்? குழந்தையின் கால் தெரியும், சரி. வாளியும் தெரியவேண்டும். அவருடைய சங்கத்தின் பதினொன்றாவது விதி, மனிதருக்கும் இயற்கைக்கும் கேடு செய்யும் பிழைப்பு வேண்டாம் என்கிறது. பழைய சூத்திரத்தில் இல்லறத்தார் செய்யக்கூடாத வியாபாரம் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம். கொலுசு இதில் இல்லை. விஷம் இருக்கிறது.

8 ஜூலை 2024

"பட்டறையை மூடிவிடு" என்கிறார்கள் இரண்டு பேர். நான்கு குடும்பம் சாப்பிடுகிறது. உண்டி உடை உறையுள் என்று நான்தான் எழுதினேன். "நீங்கள் விட்டதெல்லாம் ஆற்றில் ஒரு துளி" என்கிறார் இன்னொருவர். ஊரில் எத்தனை பட்டறை என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்லுங்கள்.

14 ஜூலை 2024

அப்பாவிடம் பேசினேன். பௌத்தம் பேசவில்லை, அடி விழும். நீலத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைப்பது பற்றி மட்டும் பேசினேன்.

"இருபத்தஞ்சு வருசமா ஊத்தறோம் கண்ணு. தண்ணி தானே போவுது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "முன்ன அந்தச் சாக்கடையில தலப்பிரட்ட இருக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டிரம் என்ன விலை என்று அவரே கேட்டார்.

4 ஆகஸ்ட் 2024

எப்படிச் செய்கிறோம் என்று கேட்டவருக்கு: இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம். நீலத் தண்ணீரை அதில் ஊற்றி, நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். சூடு கிளம்பும், முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள், கையுறை போடுங்கள். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகத் தொடங்கியதும் நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால், செம்பெல்லாம் வெளிர்நீலச் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்தது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். குடிக்கிற தண்ணீர் இல்லை, ஆனால் பழைய நீலமும் இல்லை.

முதல் நாள் சித்தப்பா சுண்ணாம்பை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பொங்கி ஓடியது. தரையெல்லாம் வெள்ளை. "பொங்கலுக்கு அடிக்க வேண்டியது இப்பவே ஆச்சு" என்று துடைத்தார். இப்போது பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து டிரம்மைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதிலும் வெள்ளி வருமா என்பது அவர் சந்தேகம்.

22 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் இன்று பட்டறைக்கு நேரில் வந்தார். ஆள் சின்னப் பையன், இருபத்திமூன்று இருக்கும். டீ வாங்கிக் கொடுத்தேன். அண்ணா அண்ணா என்று பேசினார். இங்கே போட்ட சண்டைக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. டிரம்மைக் காட்டினேன். மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்து அது என்ன என்று கேட்டார்.

அதுதான் சேறு. சுண்ணாம்பு போட்டால் இவ்வளவு சேறு சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. அபாயக் கழிவு எடுப்பவர்களுக்குப் போன் போட்டால் நாலு சாக்குக்கெல்லாம் வண்டி வராது, டன் கணக்கில் சேர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார்கள். பட்டறைகள் சேர்ந்தால் டன் சேரும். அதற்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் முதலில் டிரம் வாங்கவேண்டும்.

"அதுவரைக்கும் இது எங்கண்ணா போகும்?" என்றார்.

எங்கும் போகாது, மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கும் என்றேன். இன்று ஐந்தாவது சாக்கு கட்டினோம். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.